நாலாம் நம்பர் கம்ப்யூட்டரின் தேதி

தௌஹீதுக்குக் கால் சும்மா இருக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி கம்பெனியில், எட்டு மணிநேரம் நின்றபடி கம்பியின் தடிமனை அளந்து எழுதுகிறவன் அவன். வேலை முடிந்து உட்கார்ந்தாலும் முட்டி தானாக ஆடும். ஸ்டேஷன் பக்கம் ஆசீர்வாதம் நடத்தும் பிரவுசிங் சென்டரில், நாலாம் நம்பர் கம்ப்யூட்டர் மேஜை இரண்டு வருஷம் அந்த முட்டியோடு சேர்ந்து ஆடி ஒரு காலை இழந்துவிட்டது. அதற்கு இப்போது செத்துப்போன ஒரு கீபோர்டு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த நாலாம் நம்பரில் மற்றவர்கள் உட்கார மாட்டார்கள். கரண்ட் போய் வந்தால் அது தேதியை மறந்துவிடும். எப்போது பார்த்தாலும் 2002 ஜனவரி ஒன்று என்றே காட்டும். "அதுல குந்துனா ஏழு வயசு கொறையும்" என்று ஆசீர்வாதம் விளம்பரம் செய்தும் ஆள் சேரவில்லை. தௌஹீத் மட்டும் தினமும் சாயங்காலம் அதில்தான் கிடப்பான். தமிழ் எழுத்து அடிக்க உதவும் இலவச மென்பொருள் ஒன்று. உள்ளே எழுதியிருப்பது எல்லோருக்கும் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் பிழை பார்த்துத் திருத்தி அனுப்பலாம். அதற்குத் திருத்தம் எழுதி அனுப்புவதுதான் அவன் சாயங்காலம். சம்பளம் கிடையாது.

சம்பளம் கிடையாது என்று அவன் வீட்டில் உண்மையைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"சம்பளம் இல்லாத எடத்துக்கு ஒருத்தன் தெனம் போறான்னா, அங்க பொண்ணு இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வாப்பா பக்கீர் முகம்மது. சென்டரில் இருந்த ஒரே பெண் சுவர்க் காலண்டரில் சிரித்துக்கொண்டிருந்தவள். அவளும் போன வருஷத்துக்காரி.

மீஞ்சூரில் வாப்பா புதிதாக ஒரு கடை திறந்திருந்தார். சாயங்காலக் கூட்டத்துக்கு ஆள் வேண்டும். தௌஹீத் தங்கியிருப்பதும் மீஞ்சூரில், அவன் அக்கா, ஷஹனாஸ் லாத்தா வீட்டில்தான். அவன் கெஞ்சியதில் லாத்தா நடுவில் புகுந்து ஒரு பேச்சு முடித்தாள். அந்த மென்பொருள்காரர்கள், யார் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று காட்டும் வீடியோ படம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை வெளியிடுகிறார்கள். அதில் அவன் பெயர் வந்தால் சாயங்காலம் அவனுடையது. வராவிட்டால் கடையுடையது. பார்த்துச் சொல்லும் சாட்சி லாத்தா.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ரயிலேறி இருவரும் வந்தார்கள். நாலு மணிக்கு வழக்கமான கரண்ட் கட், அதற்குள் பார்த்தாக வேண்டும். பக்கத்து ஊர்களில் புகைபோக்கி வைத்து மின்சாரம் செய்கிறார்கள். இங்கே தவறாமல் கரண்டைப் பிடுங்குகிறார்கள். தௌஹீத் நாலாம் நம்பரில் உட்கார்ந்து படத்தைத் தட்டிவிட்டுக் காத்திருந்தான்.

"ஏண்டா மேஜைய ஆட்டுற? எனக்குக் கப்பல்ல வர்ற மாதிரி இருக்குது" என்றாள் ஷஹனாஸ்.

"நான் ஆட்டல லாத்தா. கால் ஆட்டுது."

"கால் யாருது? எதுத்த ஊட்டுக்காரனுதா?"

அவன் திரும்பி முறைத்தான். அதற்குள் படம் ஓட ஆரம்பித்திருந்தது. அவன் மறுபடி பார்த்தபோது திரை வெறும் இருட்டு. ஒரு மூலையில் தேதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து விநாடிகூட அவனால் பொறுக்க முடியவில்லை. மவுஸைப் பிடித்து 2006 வரைக்கும் இழுத்துவிட்டான்.

அங்கே வெளிச்சம் வந்தது. நடுவில் ஒரு மரம் போலக் கிளைவிட்டது. ஒவ்வொரு கிளையும் ஒரு கோப்பு. சுற்றிலும் மின்மினி போலப் புள்ளிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். புள்ளி பறந்து வந்து கிளையைத் தொட்டால் அன்றைக்கு அந்த ஆள் அங்கே கைவைத்தான் என்று கணக்கு. திருநின்றவூர் சின்னராசு, இந்தத் திட்டத்தை நடத்துகிறவர், மரம் முழுக்கச் சுற்றினார். யாரோ ஒரு பிரின்சி பொங்கலன்றைக்குக்கூட வந்து போனாள். 2007 வந்தது, 2008 வந்தது, 2009 மே மாதமும் வந்து படம் நின்றது.

தௌஹீத் என்று ஒரு புள்ளியும் இல்லை.

முட்டி நின்றுவிட்டது. அதைப் பார்த்துத்தான் ஷஹனாஸுக்குப் பயம் வந்தது.

"அனுப்பினேன் லாத்தா. நானூத்திப் பதினொண்ணு அனுப்பிக்கிறேன்."

"நான் இல்லன்னு சொன்னனா?" அவள் தொண்டையைக் கனைத்தாள். "உன் பேருதான் மொதல்லயே வந்துச்சே."

"எங்க?"

"நீ என்னை மொறைச்சியே, அப்ப. படபடன்னு வந்துட்டுப் போச்சு. சினிமால டைட்டில் போடுவானே, அதுன்னு நெனச்சேன்."

அவன் மவுஸை முதலுக்கு இழுத்தான். கரிய திரை. தேதி: 2002 ஜனவரி ஒன்று. மரமே இல்லாத இடத்தில் தௌஹீத் என்று ஒற்றைப் புள்ளி குதித்தது. கிளை கிளையாகத் தானே முளைக்கவைத்து, பித்துப் பிடித்தது போல் அங்கும் இங்கும் ஓடி, ஒரு தும்மல் நேரத்தில் அத்தனையும் முடித்து அணைந்தது. பிறகு நாலு வருஷ இருட்டு.

இரண்டு வருஷ சாயங்காலமும் ஒரே நாளில் கிடந்தது. அவன் எழுதிய ஒவ்வொரு திருத்தத்திலும் இந்த மெஷினின் தேதிதான் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது.

"உள்ள தேதிய ஞாபகம் வெச்சுக்கிற பட்டன் பேட்டரி செத்துப்போச்சு தம்பி, அதான்" என்றார் பின்னால் வந்து நின்ற ஆசீர்வாதம், ஏதோ வேறு யாரோ மாற்றியிருக்க வேண்டியது போல.

ஷஹனாஸின் செல் அடித்தது. வாப்பா குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"பேரு வந்துச்சா?"

"வந்துச்சு வாப்பா. மொதோ ஆளா வந்துச்சு. அவனுக்கு அப்புறந்தான் மத்தவங்கல்லாம்."

"அப்டியா?" வாப்பாவின் குரல் இளகியது.

"ஆமா பாய்!" ஆசீர்வாதம் நல்லது செய்வதாக நினைத்துக் கத்தினார். "நானூறு வேலையும் ஒரே நாள்ல முடிச்சுக்கிறான்!"

வாப்பாவின் குரல் பழையபடி இறுகியது. "ஒரே நாள்ல முடிச்சவன் மிச்ச நாளெல்லாம் அங்க இன்னா புடுங்கிக்கினு இருந்தான்?"

தௌஹீத் கண்ணை மூடிக்கொண்டான். முட்டி மறுபடி ஆடத் தொடங்கியது.

"வாப்பா, கரண்ட் பூடுச்சு, கேக்கல" என்று சொல்லி ஷஹனாஸ் செல்லை அணைத்தாள். கரண்ட் போக இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.

"பேரு வந்தா சாயந்தரம் உன்னுதுன்னுதான் பேச்சு" என்றாள் தம்பியைப் பார்க்காமல். "எந்தத் தேதில வரணும்னு யாரும் சொல்லல. வாப்பாவ நான் பாத்துக்கிறேன்." பிறகு பர்தாவைச் சரிசெய்துகொண்டு ஆசீர்வாதத்திடம் திரும்பினாள். "அண்ணே, அந்தப் பேட்டரி இங்க எந்தக் கடைல கெடைக்கும்? நீங்க வாங்கப்போறதில்ல, எனக்குத் தெரியும். வழிய மட்டும் சொல்லுங்க."