நீலப் பக்கத்தில் மூன்று ஓலை

எங்கள் வீட்டில் சமூக வலைத்தளங்களுக்கு நிறம்தான் பெயர். வைத்தவள் அம்மா. ஆங்கிலப் பெயர் எதுவும் அவள் வாயில் ஒரு நாளைக்கு மேல் தங்காது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் நாகர்கோவில் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தது ரோஸ். பிறகு உலகமே மூட்டை கட்டிக்கொண்டு குடியேறியது நீலம். கைப்பேசியில் பேசிப் பேசி அனுப்புவது பச்சை. தம்பி கடைசியில் ஓடி ஒளிந்த, வெறும் படமாகப் போடும் இடத்துக்கு என்ன நிறம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதையே அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் இங்கே அந்த ஏற்பாட்டையே வைத்துக்கொள்கிறேன். யார் பெயரும் வேண்டாம், நிறம் போதும்.

குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பது, பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிப்பது, பாதிரியார், அதாவது பங்குச்சாமி, சொல்லும் மற்ற வேலைகளைப் பார்ப்பது என்று அவருக்கு நாள் போகும். கோபுரத்தில் நாலு திசைக்கும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் மைக் அவர் கையில்தான் இருந்தது. யாருடைய ஆட்டைக் காணவில்லை, எப்போது கரண்ட் போகும், கடலில் காற்று பலமாக இருக்கிறதா, எல்லாம் எங்கள் ஊர் அப்பாவின் குரலில்தான் கேட்டது. எதையும் மூன்று முறை சொல்வார். முதல் முறை சொல்லும்போது ஊர் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும், இரண்டாம் முறை என்னது என்று திரும்பும், மூன்றாம் முறைதான் காதில் விழும் என்பது அவர் கொள்கை.

வீட்டுக்கு வந்தாலும் அந்த மைக் அணையாது. பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தேறிவிட்டேன் என்பதை அப்பா கோபுரத்திலிருந்து ஊருக்கு அறிவித்தார், மதிப்பெண்ணோடு, மூன்று முறை. ஊரைக் கூட்டிச் சொல்லும் மதிப்பெண் இல்லை அது. அவருக்கு நான் தேறியதே பெரிய சந்தோஷம். என்னால் ஒரு வாரம் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஊருக்குத் தெரிய வேண்டியதை மட்டும் அப்பாவிடம் சொல்வது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அந்த முடிவின்படிதான் ரோஸ் பக்கத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. இரண்டாயிரத்து ஆறு. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் எங்கெங்கோ இருந்து வந்து சேர்ந்த ஒரு குழு அங்கே இருந்தது. அதில் ஒருவன் மீன் குழம்புக்குச் சாதாரணப் புளி ஆகாது, குடம்புளிதான் போட வேண்டும் என்று எழுதியிருந்தான். களியக்காவிளைப் பக்கத்துப் பையன். கேரள எல்லையில் பிறந்தவனுக்கு நாக்கும் எல்லை தாண்டியிருக்கும் என்று நான் எழுதினேன். கடற்கரையில் இருந்துகொண்டு குடம்புளி தெரியாதவளின் குழம்பை யார் சாப்பிடுவது என்று அவன் எழுதினான். சண்டை மூன்று மாதம் நடந்தது. அவனுடைய சுவரில் நானும் என்னுடைய சுவரில் அவனும் மாறி மாறி எழுதினோம். அந்தச் சுவரை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பது எங்களுக்கு உறைக்கவேயில்லை. சண்டை மெல்லச் சமாதானமாகி, சமாதானம் வேறு ஏதோவாகி, நான் பரீட்சைக்குச் சாப்பிட்டுப் போனேனா என்று அவன் கேட்கிற வரை குழுவில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

படிப்பு முடிந்ததும் அவன் கல்ஃபுக்குப் போனான். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். எல்லாரையும் போல நாங்களும் ரோஸை விட்டு நீலத்துக்கு மாறினோம், ஆனால் அங்கே ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி இருந்தோம். அம்மாவுக்கு விஷயம் தெரியும். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். தம்பிக்கும் தெரியும். என்னைவிடப் பத்து வயது இளையவன், எட்டாம் வகுப்பு படிக்கும்போதே என் ரோஸ் சுவரை உட்கார்ந்து வாசித்திருக்கிறான். அப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பயம் ஒன்றும் இல்லை. அவரிடம் சொன்னால் கோபுரத்தில் ஏறிவிடும், அவ்வளவுதான்.

பிறகு அப்பாவே நீலத்துக்கு வந்துவிட்டார். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் கல்ஃபில் இருந்தார்கள். லீவுக்கு வந்த ஒருவர், உபதேசியார் சத்தம் கேட்காத ஞாயிறு ஞாயிறாகவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது போதும். தம்பியை உட்காரவைத்து நீலத்தில் கணக்குத் திறந்தார். அவர் எழுதிய முதல் வரி "அறிவிப்பு" என்று தொடங்கி "இப்படிக்கு, உபதேசியார்" என்று முடிந்தது. அதையே மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். கல்ஃபில் இருந்தவர்கள் மூன்றுக்கும் விருப்பம் போட்டார்கள்.

மறுநாளே தம்பி நீலத்தைக் காலி செய்தான். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தெருவில் எவன் கிரிக்கெட் விளையாடுவான் என்று கேட்டான். அம்மாவுக்கு நீலம் முதலிலிருந்தே ஆகாது. கண்டவனெல்லாம் வந்து எட்டிப் பார்க்கும் முன்வாசல் அது என்பாள். அவளுக்குப் பச்சைதான் பிடித்தது. அடுக்களை வாசலில் நின்று வேண்டியவர்களோடு மட்டும் பேசுவது போல் இருக்கிறதாம். அவள் அனுப்பும் குரல்செய்திகளில் பாதி நேரம் மிக்ஸி ஓடும். நான் மட்டும் நீலத்தில் அப்பாவோடு மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாப் படம் ஒன்று போட்டால் கீழே வந்து "கிடைக்கப்பெற்றோம்" என்று எழுதுவார்.

எட்டு வருஷம் போன பிறகுதான் அவன் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். கோட்டாற்றுத் திருவிழாவில் அவனுடைய அத்தை என்னைத் தற்செயலாகப் பார்க்க வேண்டும். எந்த வளையல் கடை, எத்தனை மணி, நான் என்ன நிறச் சேலை என்பதெல்லாம் அவன் கல்ஃபிலிருந்து அத்தைக்குச் சொல்லியிருந்தான். அத்தை பார்த்தார், பிடித்துப்போனது, பெண் கேட்டு ஆள் வந்தது. அப்பா பூரித்துப்போனார். திருவிழாவுக்குப் போன இடத்தில் புனிதரே காட்டிக்கொடுத்த சம்பந்தம் என்று பங்குச்சாமியிடமே சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் கோயிலில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசிப்பார்கள். நாங்கள் அதை ஓலை என்போம். தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஒவ்வொரு ஓலையும் முடியும். எத்தனையோ பேருக்கு ஓலை வாசித்த அப்பா எனக்கும் வாசிக்கப் போகிறார் என்பதில் எனக்கே பெருமைதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கோயிலில் வாசித்தால் பாதி ஊருக்குத்தானே கேட்கும், கல்ஃபில் இருக்கிற மீதிப் பாதிக்கு யார் வாசிப்பது என்று கேட்டு, மூன்று ஓலையையும் நீலத்திலும் போடப் போவதாக அறிவித்தார். அவர் நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. போன் போட்டு அவனிடம் புலம்பினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தான்.

முதல் ஓலைக்கு வாழ்த்துகள்தான் வந்தன. இரண்டாம் ஓலையின் கீழே, அன்று மத்தியானம், பழைய ரோஸ் குழுவில் இருந்த ஒருத்தர் மஸ்கட்டிலிருந்து எழுதியிருந்தார். எங்கள் குடம்புளிச் சண்டையைத் தினமும் வந்து வாசித்தவர். பாசத்தில்தான் எழுதினார்.

"எட்டு வருசமா நடந்த காதலு இப்பமாச்சும் கரை ஏறிச்சா மக்கா. ரொம்ப சந்தோசம்."

அப்பா அதை வாசிக்கும்போது நாங்கள் எல்லாரும் வீட்டில்தான் இருந்தோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். அவர் வழக்கப்படி மூன்றாம் முறையும் வாசித்தார். தம்பி ஓடிப்போய், போனைக் கொடுங்கள், இரண்டு நிமிஷத்தில் அழித்துவிடுகிறேன் என்றான். அப்பா கொடுக்கவில்லை. ஓலைக்கு வந்த பதிலை அழிக்கும் உரிமை உபதேசியாருக்கு இல்லை, அது பங்குச்சாமியிடம் போக வேண்டும் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, ஒனக்குத் தெரியுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போனதே பதிலாகிவிட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். நான் வாசலில் நின்று அழுதேன். கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைவிட, புனிதர் காட்டிய சம்பந்தம் என்று எந்தச் சாமியாரிடம் பெருமை பேசினாரோ, அவரிடமே போய் இதைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

பங்குச்சாமி வாசித்துவிட்டுச் சிரித்தாராம். ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பது எந்தச் சட்டத்தில் தடை, மனசோடுதான் வருகிறார்களா என்று கல்யாணத்தன்று பீடத்தின் முன் நாம் கேட்கிற கேள்விக்கு எட்டு வருஷம் முன்னாலேயே பதில் வந்துவிட்டதே என்றாராம். அவர் சிரித்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாதான் இதையெல்லாம் பிறகு எனக்குச் சொன்னாள். அந்த வாரம் கோபுரத்தில் ஓர் அறிவிப்பும் இல்லை. ஊர்க்காரர்கள் மைக் ரிப்பேரா என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பின்வாசலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். மீனுக்கு வந்த பூனையை விரட்டினார்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா மக்ளே?"

உங்களிடம் சொன்னால் ஊருக்கே கேட்குமே என்று பாதி விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நீ சொல்லுதேன்னா மைக்க ஆஃப் பண்ணிட்டுக் கேட்டுருப்பேன்லா," என்றார்.

கையெல்லாம் மீன் செதிள். கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை. எட்டு வருஷமாக அவரிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். ஒரு தடவையாவது நம்பிச் சொல்லிப் பார்த்திருக்கலாம் என்று அப்போதுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மூன்றாம் ஓலையைக் கோயிலில் வாசித்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டுக்கு வந்து நீலத்திலும் போட்டார். அதன் கீழே புதிதாக நான்கு வரி இருந்தது. "மேற்படி ஓலைக்கு மஸ்கட்டிலிருந்து வந்த கருத்து பங்குத்தந்தை முன் வைக்கப்பட்டது. மணமக்கள் முன்பே அறிமுகமானவர்கள் என்பது தடையாகாது எனத் தீர்மானிக்கப்பட்டது. பெண்ணின் தகப்பனாருக்கு மட்டும் இது கடைசியாகத் தெரியவந்தது. அன்னார் அதைப் பொறுத்துக்கொண்டார். இப்படிக்கு, உபதேசியார்."

அவர் போட்ட எதற்கும் அவ்வளவு விருப்பங்கள் விழுந்ததில்லை. அந்த ஒன்றை மட்டும் அவர் மறுபடி போடவேயில்லை. தம்பிகூட அதைப் பார்ப்பதற்கென்று நீலத்துக்கு வந்துவிட்டுப் போனான்.

கல்யாணம் முடிந்து நானும் கல்ஃபுக்குப் போனேன். அந்த வருஷமே ரோஸ் பக்கத்தை மூடிவிட்டார்கள். எங்கள் குடம்புளிச் சண்டையும் அதோடு போயிற்று. அடுத்த வருஷம் ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு சேதி உறுதியானது. என் கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. முதலில் பச்சையில் அம்மாவுக்குச் சொல்வதுதான் வழக்கம். நான் அப்பாவின் நம்பரை அழுத்தினேன். கோயிலில் இருந்தார். முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன், இப்போதைக்கு வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்றேன். எதையோ தட்டும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும் கேட்டன.

"மைக்க ஆஃப் பண்ணியாச்சு. சொல்லு மக்ளே."

சொன்னேன்.

"இன்னொருக்க சொல்லு," என்றார். சொன்னேன்.

"இன்னொருக்க," என்றார்.

மூன்றாம் முறையும் சொன்னேன். மூன்று மாதம் கழித்து நானே அம்மாவிடம் சொல்லும் வரை ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது.