செண்பகத்தடியில் போட்ட சாக்கு

பெரியவளே, சின்னவனே, இது உங்கள் இரண்டு பேருக்கும்தான். ஆனால் பெரியவள் முதலில் படிக்கட்டும். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எத்தனையோ முறை பார்த்தேன், வரவில்லை.

பின்கட்டில் நிற்கும் செண்பகம் உங்கள் அம்மா கேட்டு வைத்தது. கணியம்பாடிப் பக்கம் ஒரு நர்சரியில் ஒட்டுக்கன்றாக வாங்கி, பைக்கில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"வருசம் பூரா பச்சையா நிக்குமாம். பூத்தா தெருமுனை வரைக்கும் வாசம் வருமாம்" என்றாள்.

"எனக்கு எங்க தெரியப்போவுது?" என்றேன். தோல் கம்பெனியில் பச்சைத்தோல் குடோனிலேயே பதினெட்டு வருடம் நின்ற மூக்கு இது.

"உங்களுக்கு யாரு வெச்சாங்க? உங்களோட குடித்தனம் பண்ற எனக்கு."

நம் போர் தண்ணீர் உப்பு. அதனால் மாடியில் விழும் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றினோம். தீர்ந்துவிட்டால் அரிசி கழுவிய தண்ணீர். மூன்றாம் வருடம் நாலே நாலு பூ பூத்தது. அம்மா ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த கோடையில் டிரம் சீக்கிரமே காலியானது. கம்பெனியில் ஆள் கம்மி, எனக்கு இரண்டு ஷிப்ட். இருந்த கொஞ்சத் தண்ணீரை ஊற்றினாலும் மதியத்துக்குள் மண் காய்ந்துவிடும். வேரடியை எதையாவது போட்டு மூடினால் ஈரம் நிற்கும் என்று நானே யோசித்து, குடோனில் கழித்துப் போட்ட கோணிச் சாக்கு நாலைக் கொண்டுவந்தேன். ஒரு தடவை அலசி, மரத்தடியில் சுற்றிப் பரப்பி, அதன்மேலேயே தண்ணீர் ஊற்றினேன். பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது.

ஒரு மாதத்தில் இலையோரம் கருகியது. பிறகு கொட்ட ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்து அதைப் பார்க்கும்போது, பெரியவள் மரத்துக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லருகே நின்றிருந்தாள்.

"சோப்புத்தண்ணிய இங்கதான ஊத்துற?"

"இல்லப்பா, கால்வாயிலதான் ஊத்துறேன்."

"பொய் சொல்லாத. ஒரு மரம் நல்லா இருந்தா உனுக்குப் பொறுக்கலயா?"

பெரியவளே, அப்போது உன் கையில் இருந்தது என்னுடைய கம்பெனிச் சட்டை. அதற்குப் பிறகு பக்கெட்டைத் தெருச் சாக்கடைவரை தூக்கிப்போய் ஊற்றினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மாதமே நர்சிங் படிக்க வேலூருக்குப் போய்விட்டாய்.

நீ கிளம்பிப் போன அந்த வாரமே எதிர்வீட்டு பாய் வந்தார். தோல் வியாபாரம் செய்கிறவர். மரத்தடியில் குனிந்து, சாக்கின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா அண்ணே, தோலு மாதிரி மரத்தையும் உப்புல ஊறப்போட்டு வெச்சிருக்கீங்களா? எந்த ஊருக்கு லோடு?"

"இன்னா பாய் சொல்றீங்க?"

"உப்புத்தோல் கட்டுன சாக்கு அண்ணே இது. தண்ணி ஊத்த ஊத்த உப்பு பூராவும் வேருக்குத்தான போவும்?"

சாக்குக்குக் கீழே மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்குகிற வேலை, நாளெல்லாம் உப்பில் புரளுகிறவன் நான். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் உப்பு கையில் இருப்பதே எங்களுக்கு உறைப்பதில்லை. சாக்கை எடுத்து எறிந்து, மேல்மண்ணைச் சுரண்டி அள்ளி, குடிக்கிற கேன் தண்ணீரை இரண்டு நாள் ஊற்றினேன். மரம் சாகவில்லை. கிழக்குப் பக்கம் துளிர்த்தது, மேற்குப் பக்கம் காய்ந்தே நின்றது.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் "பரவால்லம்மா, துளிர்த்திருக்கு" என்பேன். அதோடு வைத்துவிடுவேன். அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலுப்பும் இருந்தது, பொய் இல்லை. ஆனால் இரண்டு வருடம் வாய் திறக்காததற்கு அலுப்பு மட்டும் காரணமில்லை. அப்பன் தப்பு செய்துவிட்டான் என்று பிள்ளையிடம் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது, மரத்தின் காய்ந்த பக்கத்தைக் காட்டித் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இந்தப் பக்கம் நான் சோப்புத்தண்ணி ஊத்தி சாவடிச்சதுடா. நீயாவது பார்த்து நடந்துக்கோ."

"நீ ஊத்தலன்னு அன்னிக்கு சொன்னியே?"

"தெரியாம எப்பவாவது ஊத்தியிருப்பேன். அப்பா சும்மா சொல்லுவாரா?"

பெரியவளே, நீ ஊற்றவில்லை. ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. மரத்தைக் கெடுத்தவன் நான். உன்னைப் பொய் சொன்னாய் என்றவனும் நான்தான்.

அன்று சாயங்காலம் உன்னை பஸ் ஏற்றிவிட அம்மாவும் தம்பியும் வந்தார்கள். நான் வரவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது ஸ்டூலைப் போட்டு ஏறி, காய்ந்த கிளைகளை ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுத்து இறக்கினேன். பிறகு கொஞ்சம் சாணி வாங்கிவந்து குழைத்து, காயம் ஆற, அறுத்த இடங்களில் கையாலேயே அப்பினேன்.