ஜெனரேட்டருக்குக் கட்டிய வீடு

இரண்டு வாரமாக ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு... காரணம் சொல்கிறேன். இப்போதுதான் சொல்லத் தெம்பு வந்திருக்கிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. ஊரில் கரண்ட் இல்லை. உள்ளறையில் என் மகள் ரீனா லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். போன் அடித்தது. பெங்களூரிலிருந்து அவளுடைய டீம் லீடர்.

"ஆன்ட்டி, ரீனா பேசிக்கிட்டே இருந்தா, திடீர்னு பேச்சு குழறிச்சு. இப்ப பதிலே இல்ல. கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா?"

பத்தடி தூரத்தில் இருக்கும் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பெங்களூரிலிருந்து ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது!

கதவைத் திறந்தேன். மூச்சை அடைக்கும் புகை நெடி. ரீனா மேஜையில் தலை சாய்ந்து கிடந்தாள்.

எப்படி நடந்தது? அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாங்கள் எதையாவது போர்த்திக்கொண்டே இருப்போம். மோட்டாருக்குச் சாக்கு, ஸ்கூட்டருக்குத் தார்ப்பாய். உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. ரீனா சென்னை ஆபீஸை விட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்க வந்ததும், கரண்ட் போனால் ஃபேனும் நெட்டும் ஓட ஒரு ஜெனரேட்டர் வாங்கினோம். தோட்டத்தில் வைத்தோம். இரண்டே மாதத்தில் துரு. விடுவேனா? பின்பக்கத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்து, மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டினேன். அதற்கு நேர் மேலே ரீனாவின் அறை வென்டிலேட்டர்.

ஏசிக் குளிர் வீணாகக் கூடாதென்று ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு ஒட்டியதும் நான்தான். புகை உள்ளே வர வழி இருந்தது. போகத்தான் வழியில்லை.

காலையிலேயே உப்பளத்து வேலை முடிந்து வந்திருந்த பக்கத்து வீட்டுச் செல்வி, என் அலறல் கேட்டு ஓடி வந்தாள். இருவருமாக ரீனாவை வாசலுக்குத் தூக்கி வந்தோம்.

"ஏங்க்கா, மிஷினுக்கு வூடு கட்டிட்டு, பொண்ண அடுப்புக்குள்ள உக்கார வெச்சிருக்கியே!"

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்றார் டாக்டர். சாயங்காலம் கண் விழித்தவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, மீட்டிங் முடிஞ்சிடுச்சா?"

வீடு திரும்பியதும் கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் வந்த ஒரு மெயிலைக் காட்டினாள். நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதால் நம் ஆபீஸின் கரண்டும் புகையும் குறைந்துவிட்டன — பச்சை இலைப் படத்தோடு வாழ்த்து!

குறைந்ததா? ஒரே ஹாலில் எல்லோருக்குமாக ஓடிய ஏசி இப்போது ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியாக ஓடுகிறது. புகை எங்கேயும் போய்விடவில்லை. எங்கள் தாழ்வாரத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறது.

"பேசாம சென்னைக்கே போயிடுடி" என்றேன்.

"அங்க மட்டும் கரண்ட் மரத்துலயா காய்க்குது? செல்விக்கா எத்தினி மணிக்கு வேலைக்குப் போறாங்க?"

"விடியறதுக்கு முன்னாடியே."

"வெயில் ஏறதுக்குள்ள வந்துடறாங்க இல்ல? அவங்க ஏசி கேக்கலம்மா. நேரத்த மாத்திக்கிட்டாங்க."

டீம் லீடருக்கு எழுதினாள். காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிடுவதாக. கரண்ட் இல்லாத நேரத்தில் அவசர மீட்டிங் வந்தால் லேப்டாப் பேட்டரி தாங்கும் வரைக்கும், கேமரா இல்லாமல். அவர் உடனே சரி சொல்லிவிட்டார் — அந்தச் செவ்வாய்க்கிழமையை அவரும் மறக்கவில்லை. இப்போது அவர் டீமில் இன்னும் இரண்டு பேர் இதே நேரத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

ஜன்னலில் டேப்பைப் பிய்த்தபோது எனக்கு அடுத்த கவலை. "உப்புக் காத்து நேரா வருதே... லேப்டாப் என்னத்துக்கு ஆகும்?"

"தொடச்சா போச்சும்மா."

சரிதான். லேப்டாப்பைத் துடைத்துக்கொள்ளலாம். வேலை வீட்டுக்கு வரட்டும், நல்லதுதான். ஆனால் ஆபீஸின் நேரத்தையும் குளிரையும் புகையையும் எதற்காகக் கூடவே அழைத்து வந்தோம்? இந்த ஊர் வெயிலுக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. அதைக் கேட்டு வேலையை வைத்துக்கொண்டால் பாதிக் கரண்ட் தேவையே இல்லை. இதை இனி யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

ஏசி ஓடி இன்றோடு பத்து நாள். ஆனாலும் அரை மணிக்கொரு தரம் ரீனாவின் அறையை எட்டிப் பார்க்கிறேன். அந்தப் பயம் போகாது.

ஜெனரேட்டர் மறுபடியும் தோட்டத்தில்தான் கிடக்கிறது. போர்த்தவில்லை. துரு ஏறட்டும்.