சம்பந்திக்குக் கொடுத்த கார்

அமெரிக்காவில், ஆலன் நகரில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் காலையில் அந்தக் காரை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலமாக ஒரு புகை எழும். இருபது எண்ணுவதற்குள் கலைந்துவிடும். எஞ்சினில் பதினாறு வால்வுகள், ஒவ்வொன்றின் தண்டிலும் விரல்நுனி அளவில் ஒரு ரப்பர் சீல். வயதாகி அவை இறுகிவிட்டால் இரவெல்லாம் ஆயில் தண்டு வழியாகக் கசிந்து இறங்கும். காலையில் எரிந்து புகையாகும். புகை பெரிய விஷயமில்லை. ஆயில் குறைந்துகொண்டே போனால் உள்ளே இரும்போடு இரும்பு உரசித் தேய்ந்துவிடும் என்பதுதான் பயம். மாதம் இரண்டு முறை அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான் ஆறு மாதம் ஊருக்குக் கிளம்பிய சமயம், என் மகளின் மாமனார் கோயம்புத்தூரிலிருந்து மகன் வீட்டோடு வந்துவிட்டிருந்தார். அறுபத்தெட்டு வயதில் இங்கே லைசென்ஸ் வாங்கியவர். காரை அவருக்கே கொடுத்துவிட்டேன். பெண்ணைக் கொடுத்தவன், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் பொருளில் குறை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சாவியை நீட்டும்போது, "ஒரு தொந்தரவும் இல்ல சம்பந்தி, ராஜா மாதிரி போகும்" என்றேன்.

கோயில், நூலகம், இர்விங்கில் இருக்கும் நண்பர் வீடு என்று அவர் சுற்றினார். "பையன்கிட்ட இப்பெல்லாம் லிஃப்ட் கேக்கறதில்லீங்க, அவந்தான் என்கிட்ட கேக்கறான்" என்று போனில் சிரித்தார். அப்போதாவது ஆயிலைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

நான்காம் மாதம் ஃப்ரீவேயில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி. பின்னால் வந்த டிரக் மயிரிழையில் விலகிப் போயிருக்கிறது. "மாமா ஆயில் லைட்ட கவனிக்கலையாம்ப்பா. இனிமே டிரைவ் பண்ணவே வேணாம்னு இவர் சொல்லிட்டார்" என்றாள் மகள். "அப்படியா" என்றேன்.

திரும்பி வந்ததும் அவரைத் தனியே அழைத்து சீல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் வியப்பே இல்லை.

"மெக்கானிக் அன்னிக்கே சொல்லிட்டானுங்க சம்பந்தி, ரொம்ப நாளா ஆயில் குடிச்ச வண்டின்னு. நான் மட்டுந்தான் இருந்தேன். வீட்ல சொல்லலீங்க."

"நான் மாப்பிள்ளைகிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாமுங்க. உங்கப்பா கொடுத்த வண்டின்னு உங்க பொண்ணுதான் பேச்சு கேக்கோணும்."

நான் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றதால்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான்தான் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். வழியில் ஒன்பது சிக்னல்கள். சிவப்பு விழும்போதெல்லாம், பக்கத்து சீட்டில் அவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது.