தாத்தாவுக்குப் போட்ட கோட்டு

எங்கள் தாத்தா கோட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. கோட்டு என்ன, சட்டை போட்டே பார்த்ததில்லை. அதனால்தான் அவர் இறந்த மூன்றாம் நாள், அப்பா திருத்துறைப்பூண்டியிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த பேனரை வாசலில் விரித்தபோது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே தாத்தாவின் முகம். வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. கழுத்துவரைக்கும் எங்கள் தாத்தா. கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவருடைய உடம்பு: கருநீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை.

"இது தாத்தா இல்ல" என்றேன்.

"தாத்தாதான்" என்றார் அப்பா.

"தாத்தா சட்டையே போடமாட்டாங்க. நீங்க பொய்யா செஞ்சிட்டு வந்திருக்கீங்க."

பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவை நான் பொய்யர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பேனரின் மூலைகளில் கயிற்றுக்கு ஓட்டை போட ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்த தாத்தா இடுப்பில் வேட்டியும் தலையில் துண்டுமாக விடிவதற்குள் வயலுக்குப் போனவர். ஊரார் வயலில் பாதி ஆயுளுக்கு மேல் வேலை பார்த்து, அப்பாவையும் அத்தையையும் படிக்கவைத்து, கடைசியில் மூன்று மா நிலம் சொந்தமாக வாங்கியவர். அந்த நிலத்தின் வரப்பில் நண்டு வளை எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். அவருடைய வலது தோளில், மூட்டை சுமந்து காய்த்துப்போன ஒரு மேடு உண்டு. மழைக்காலத்தில் வாய்க்காலைத் தாண்ட என்னைத் தூக்கும்போது அதைத்தான் பிடித்துக்கொள்வேன். அந்த மேட்டைப் பேனரில் தேடினேன். கோட்டு அதை மூடிவிட்டிருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அப்பா இரண்டு பேனர் அடித்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றை எங்கள் தெருவில் கட்டினார்கள். இன்னொன்றை அப்பா தானே தூக்கிக்கொண்டு பெரிய தெரு முனைக்குப் போனார். பஸ் நிற்கும் இடம் அது; நேர் எதிரே பெரிய வீடு. சண்டையை விட மனமில்லாமல் நானும் பின்னாலேயே போனேன். அப்பா ஏணியில் ஏறிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய வீட்டுக்காரர் வந்து நின்றார். தாத்தா வெகுகாலம் வேலை பார்த்தது அவர்கள் வயலில்தான்.

"என்ன வாத்தியாரே, உங்கப்பாவுக்குக் கோட்டெல்லாம் மாட்டி விட்டுட்டீங்க? அவன் தோள்ல ஒரு துண்டு கிடந்துகூட நான் பாத்ததில்லையே!" என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்று மணி நேரமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டார்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நானும் அதத்தாங்க சொன்னேன்! தாத்தாவுக்கு இது நல்லாவே இல்ல!" என்று கத்திவிட்டு, அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

"பாத்தீங்களா, புள்ளைக்கே தெரியுது" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இங்க எதுக்கு? உங்க தெருவுல வச்சுக்கங்களேன்" என்றார்.

அப்பா கீழே பார்த்தார். அவரை அல்ல, என்னை. பிறகு முடிச்சை இறுக்கினார்.

"இங்கதாங்க இருக்கும்."

ஏன் அங்கேதான் என்பதை அத்தை எனக்குச் சொன்னபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், தாத்தா அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பெரிய தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். பெரிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர், பேனரைப் பார்த்துச் சிரித்தவருடைய அப்பா, கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். "உம் மவனுக்கு சட்டை கேக்குதோ? கழட்டுடா" என்றிருக்கிறார். கழற்றியது தாத்தாவின் கைதான். தெரு நடுவில், ஒவ்வொரு பொத்தானாக. அப்பா வெற்றுடம்போடு அந்தத் தெருவைக் கடந்து பள்ளிக்கூடம் போனார். அதற்குப் பிறகு கேட்பதற்கு யாரும் இல்லாத காலம் வந்தும், அப்பா சம்பாதித்து எத்தனையோ சட்டை எடுத்துக் கொடுத்தும், தாத்தா ஒன்றைக்கூடப் போடவில்லை. "அரிக்குதுடா" என்று மடித்து வைத்துவிடுவாராம்.

ஒரு குழந்தையின் சட்டையை அவன் தகப்பன் கையாலேயே கழற்றவைத்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது. அவர்கள் யாரும் ஒரு வார்த்தை வருந்தியதில்லை. அந்த வாசலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, அந்த வீட்டு மனிதரோடு சேர்ந்து சிரித்தவள் நான். அதை நினைத்தால் பதற்றம் இன்னும் கூடுகிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அப்பா ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் தோற்றுப்போனதால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் அவருக்கு முன்னால் குதித்துக் குதித்துப் போனேன்.