லிப்ட்டில் இல்லாத ஸ்டூல்

பேய், ஆவி, தரிசனம் இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. சபைக்குப் போகிறவன்தான், ஆனாலும் அங்கே யாராவது எழுந்து வெளிச்சம் பார்த்தேன், குரல் கேட்டேன் என்று சொன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்ட எனக்கே இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், தி.நகரில், தீபாவளி வியாபாரம் நடக்கிற நேரத்தில். நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு ஜவுளிக்கடையில் லிப்ட் ஓட்டுகிறேன். வாடிக்கையாளர் ஏறுகிற கண்ணாடி லிப்ட் இல்லை, துணி மூட்டையும் வேலை செய்கிற பெண்களும் ஏறுகிற பின்பக்கத்துப் பழைய லிப்ட். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் பேச வராது, பெண்கள் ஏறினால் கதவைப் பார்த்தபடியே நிற்பேன். எங்கள் பாஸ்டரோ ஞாயிறு தவறாமல், "இந்த வாரம் யார்கிட்ட பிரதர் இயேசுவைப் பத்திச் சொன்னீங்க?" என்று கேட்பார். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். மந்தைவெளிக்கு வந்து வீட்டில் புலம்புவேன். ஒரு நாள் என் மனைவி மேரி, "உனுக்குத்தான் வாய் வராதேய்யா, உக்கார்ற ஸ்டூலையாவது அந்தப் பொண்ணுங்களுக்குக் குடேன், நாள் பூரா நின்னுகினு கீதுங்க" என்றாள்.

அது எனக்குப் பிடித்தது. எங்கள் கடையில் சேல்ஸ் பெண்கள் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதனால் என் ஸ்டூலை மூலையில் தள்ளிப் போட்டுவிட்டு நான் நின்றுகொண்டேன். லிப்ட் மேலே போகிற நேரம் மட்டும் யாராவது ஒருத்தி உட்காருவாள். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, உட்காரும்போது டக்கென்று சத்தம் வரும், உடனே "அப்பாடா" என்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். நீ ஏன் அண்ணா நிற்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். இயேசுவைப் பற்றிச் சொல்ல இதுதான் சமயம் என்று தெரிந்தது. கடைசியில், "உக்காந்தா கால் மரத்துப் போவுது" என்றேன். எனக்கே என்மேல் எரிச்சல்.

மேனேஜர் அண்ணாச்சி ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார். "நீரே உக்காரலன்னா ஒமக்கு எதுக்குவே ஸ்டூலு?" என்று எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் போட்டு, அதன்மேல் காலை நீட்டிக்கொண்டார். நான் தலையாட்டினேன். அதற்குத்தான் நான் லாயக்கு.

அதனால் அதிகம் அவதிப்பட்டவள் மகேஸ். ஊரூர் குப்பத்துப் பெண், மூன்றாவது மாடியில் சுடிதார் பிரிவு. அவள் மாசமாக இருந்தாள். கடையில் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருந்தாள். "போன தடவை நின்னு நின்னே கலைஞ்சு போச்சுண்ணா, இதுவாச்சும் தங்கணும்" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் ஏறினாள். நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டாவது மாடி தாண்டியதும் லிப்ட் நடுவில் நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, லிப்ட் மட்டும் நகரவில்லை. நான் மணியை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், கடை இரைச்சலில் யாருக்குக் கேட்கும். பின்னாலிருந்து, "அண்ணா, கண்ணு இருட்டுது" என்றாள். தரையிலாவது உட்காரம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டக்கென்று சத்தம். பிறகு, "அப்பாடா."

நம்பினால் நம்புங்கள், நான் திரும்பவில்லை. பழக்கம் அப்படி. ஆனால் எதிரே இருந்தது எவர்சில்வர் கதவு, அதில் அவள் உருவம் மங்கலாகத் தெரிந்தது. ஸ்டூல் உயரத்தில், சுவரில் சாய்ந்து, உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. லிப்ட் தானாகவே கிளம்பியது, கதவு திறந்தது, அப்போதுதான் திரும்பினேன். மகேஸ் எழுந்து நின்றிருந்தாள், முகம் தெளிந்திருந்தது. மூலையில் ஒன்றுமில்லை.

அண்ணாச்சி அறைக்கு ஓடினேன். ஸ்டூல் அவர் காலுக்கு அடியில் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூல் திரும்ப வேண்டும் என்று கதை கட்டுகிறேன் என்றார். லிப்ட் மெக்கானிக் ஏதோ வயர் பழுது என்றார். நான் வயரைப் பற்றியா கேட்டேன்? கடைப் பெண்களோ, கட்டடம் கட்டும்போது விழுந்து செத்த மேஸ்திரியின் ஆவி என்றார்கள். பாஸ்டர் மட்டும் சந்தோஷப்பட்டார், அதுவும் பாதியில் நின்றது. "மேடையில சொல்லுங்க பிரதர். அந்தச் சகோதரி சபைக்கு வந்துட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். வந்த பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டார். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். நான் சொன்னதை ஒருவரும் முழுதாகக் கேட்கவில்லை.

மகேஸ் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு அடுத்த வாரம்தான் வந்தாள். லிப்ட்டில் ஏறியதும் அவளே கேட்டாள்.

"அன்னிக்கு மூலையில குந்திகினு இருந்தாரே, யாருண்ணா அவரு? என்னைப் பாத்ததும் எயுந்து இடம் குடுத்தாரே."

யாருமே இல்லையே என்றேன்.

"இன்னாண்ணா, வெளாட்றியா?"

முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தல சுத்தச்சொல்ல மூஞ்சிய எங்க பாக்குறது? காலத்தான் பாத்தேன். செருப்பு இல்ல. நாள் முச்சூடும் நின்னவங்க காலு மாறி வீங்கி இருந்துச்சு."

அந்தப் பாதத்தில் ஆணி அடித்த தழும்பு இருந்ததா என்று கேட்க வேண்டும். ஏன் கேட்கிறாய் என்பாள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது மாடி வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டாள்.

குழந்தை தங்கியது, பெண் குழந்தை. பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு மகேஸ் மறுபடி வேலைக்கு வருகிறாள். நான் இன்னும் அதைக் கேட்கவில்லை. இன்று காலையில்கூட ஏறினாள். "மூணாவதுண்ணா" என்றாள். அழுத்தினேன். லிப்ட்டில் வேறு யாரும் இல்லை, துணி மூட்டைகூட இல்லை. ஆனாலும் அவள் அந்த மூலையை விட்டுத் தள்ளி, யார் காலையும் மிதித்துவிடாமல் நிற்பவள்போல, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு நின்றது கதவில் தெரிந்தது.