தலை மறையும் ஆழம்

நான் கிற்றாரின் தடித்த தந்தியைத் தட்டும் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுச் சறோ அக்கா வானத்தைப் பார்க்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருப்பார், அல்லது மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருப்பார். என் பேஸ் கிற்றாரிலிருந்து அந்தத் தாழ்ந்த உறுமல் எழுந்ததும் அவருடைய கை அப்படியே நின்றுவிடும், முகம் மேலே போகும். மழை வருமா என்று பார்க்கிற பார்வை அல்ல அது. வடக்கில் தொடங்கித் தெற்கு வரைக்கும் ஒழுங்காகத் தேடுவார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வேலையைத் தொடர்வார். ஒஸ்லோவில் என் கீழ்வீட்டுக்காரர் சத்தம் பிடிக்காவிட்டால் கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிட்டுப் போவார்: ‘வணக்கம், எட்டு மணிக்குப் பிறகு கொஞ்சம் மெதுவாக, முடியுமானால்.’ பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வேறு வரைந்திருப்பார். கிளிநொச்சியில் யாரும் எனக்குக் காகிதம் எழுதவில்லை. வானத்தைப் பார்த்தார்கள். வந்த முதல் மாதம் அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

நோர்வேயிலும் கனடாவிலும் இருந்து இதை வாசிப்பவர்கள், ஒரு ரொக் இசைக்காரி எதற்காகக் கிளிநொச்சிக்குக் குடிபோனாள் என்று கேட்பீர்கள். என் அம்மாவும் கேட்டார், அதுவும் விமான நிலையத்தில், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. யாழ்ப்பாணத்தை விட்டுப் போகும்போது எனக்கு ஐந்து வயது. ஒஸ்லோவில் ஒரு குழுவோடு பதினைந்து வருடங்கள் பேஸ் வாசித்தேன். அப்பா இறந்த பிறகு அவரைப் பற்றித் தமிழில் ஒரு பாட்டு எழுதினேன். முதன்முதலாக மேடையில் அதைப் பாடினபோது, அவருடைய உடலைக் குளிப்பாட்டுகிற வரியில் கூட்டம் கைகளை உயர்த்திக் குதித்தது. அவர்கள்மீது பிழை இல்லை, தாளம் அப்படி. ஆனால் சொல் விளங்குகிற ஆட்களுக்கு முன்னால் ஒரு தடவையாவது பாடவேண்டும் என்ற வெறி அன்றைக்குப் பிடித்தது. பெரியப்பா குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்க் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, வயல் செய்து, வீடும் கட்டியிருந்தார். அவர் இறந்த பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. “ஒரு வருசம் பார். அதுக்குள்ள உன்ர பாண்ட் எழும்பாட்டித் திரும்பி வந்திட வேணும்” என்றார் அம்மா. நானும் ஓம் என்றேன். எனவே என்னிடம் இருந்தது ஒரு வருடம்.

குழுவில் முதலில் சேர்ந்தவர் ரவி. ஓட்டோ ஓட்டுகிறார். அவருடைய அப்பா, அம்மா மலையகத்துத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். ரயில் கடவையில் ஓட்டோ நின்றிருந்தபோது ரவி இரண்டு விரல்களால் கைபிடியில் ஒரு தாளம் போட்டார். பின் சீற்றில் இருந்தபடியே அவரைக் குழுவுக்கு எடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்து பாண்டில் பெரிய ட்றம் அடித்தவராம். முன் விறாந்தையில் நாங்கள் இருவரும் வாசித்தால் கூரைத் தகரம் கிடுகிடுக்கும், கோழிகள் வேலிக்குள் ஒளியும், சறோ அக்கா வானத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் நேரிலேயே போய்க் கேட்டேன்.

“எங்கட சத்தம் உங்களுக்குக் கரைச்சலோ அக்கா?”

“சீச்சீ, இல்லைத் தங்கச்சி. சத்தம் எங்களுக்குப் பழகினதுதானே. நீங்கள் அடியுங்கோ.”

நோர்வேக்காரர் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் பரவாயிருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருடம் அந்த நாட்டில் இருந்து படித்த பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே பயன்படுத்தினேன். அக்காவுக்குச் சத்தம் கரைச்சல், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார், எனவே சத்தத்தை நான்தான் அடக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். எப்படி அடக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒஸ்லோவில் எங்கள் குழு பயிற்சி செய்த இடம் நான் குடியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே, நிலத்துக்குள் இருந்தது. டில்ஃப்லுக்ட்ஸ்ரும் என்பார்கள். குண்டு விழுந்தால் ஓடி ஒளிவதற்காக அரசாங்கம் கட்டடங்களின் அடியில் கட்டிவைத்த அறை. முழங்கை நீளத் தடிப்புள்ள சுவர், கப்பல் கதவு மாதிரி ஒரு இரும்புக் கதவு, சுவரில் இத்தனை பேருக்கு இடம் என்று எழுதிய பலகை. எதிர்பார்த்த அந்தப் போர் வரவே இல்லை. சும்மா கிடந்த அறைகளில் சைக்கிள்களும் பனிச்சறுக்குக் கட்டைகளும், எங்களைப் போன்ற குழுக்களும் குடிபுகுந்தன. உள்ளே என்ன கூத்தடித்தாலும் வெளியே ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. அந்த இரும்புக் கதவை இழுத்து மூடும்போதெல்லாம் எனக்குச் சந்தோசமாக இருக்கும். பதினைந்து வருடமும் அதுதான் எனக்குப் பாட்டு அறை. வேறு எதுவாகவும் அதை நினைத்ததில்லை.

மாசிக் கடைசியில் ரவி மல்லாவியில் இருக்கிற அண்ணனின் வயல் அறுவடைக்குப் பத்து நாள் போனார். அவர் திரும்பி வரும்போது அறை ஆயத்தமாக இருக்கட்டும், ஆள் அசந்துபோகட்டும் என்று வீட்டுப் பின்வளவில் குழி வெட்ட ஏற்பாடு செய்தேன். மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரத்தோடு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர்.

“எவ்வளவு ஆழம்?”

“உள்ளுக்கை நிண்டால் தலை மறையவேணும் அண்ணை.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “எத்தினை பேருக்கு?”

நான், ரவி, இன்னும் கண்டுபிடிக்காத ஒரு கிற்றார்காரர். “மூண்டு பேருக்கு.”

“வாசலை நேரா விடக்கூடாது. வளைச்சுத்தான் விடவேணும்” என்றவர், நான் கேளாமலே வாசல் பாதையை ஒரு முழங்கை மடிப்பாக வெட்டித் தந்தார். வளைவில் ஒலி அடிபட்டுத் தேயும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பெக்கோ சாரதிக்கு ஒலியியல் இவ்வளவு அத்துப்படியா என்று வியந்துபோய்த் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்கவில்லை. வீட்டுக்கு அவசரமாகப் போகவேண்டும் என்றார்.

மறுநாள் யூரியாப் பைகளில் மணல் நிரப்பிக்கொண்டிருந்தேன். சறோ அக்காவின் கணவர் தில்லை அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். குழியைச் சுற்றி நடந்தார். மேலே பனங்குற்றி போட்டு அதன்மேல் இரண்டு வரிசை மூட்டை அடுக்கவேண்டும், ஒரு வரிசை காணாது என்றார். அவரே பைகளைக் கட்டியும் தந்தார். போகும்போது குரலைத் தாழ்த்தி, “இன்னும் எவ்வளவு காலம் கிடக்குது தங்கச்சி?” என்று கேட்டார்.

வைகாசியில் வைக்க நினைத்திருந்த எங்கள் முதல் கச்சேரியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் எல்லாம் ஆயத்தமா இருக்கவேணும் அண்ணை.”

“அப்ப ரெண்டு, ரெண்டரை மாசம்” என்றார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. வெயிலில் மூட்டை தூக்கிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும், மாறத் தொடங்கியது. கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்றார்கள். மறுநாள் நெருப்புப்பெட்டியும் தீர்ந்தது. கடைக்காரர் நான் கேளாமலே இரண்டு பெட்டி மெழுகுதிரியை என் பைக்குள் வைத்து, “உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான்” என்றார். பின்னேரங்களில் வேலிகளுக்குப் பின்னாலிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது, முதலில் ஒரு வீட்டில், பிறகு மூன்று வீடுகளில். ஏதோ நடுகைக் காலமாக்கும் என்று நினைத்தேன். ஆனால் வெட்டுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. வயலில் வேலை செய்கிறவர்கள் அப்படி வாயை மூடிக்கொண்டு செய்வதில்லை. சறோ அக்காவின் மகள் நிலா கிளிநொச்சி நகரில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவள். அவளை ஒரு காலையில் உடுப்புப் பையோடு வவுனியாவுக்கு, சித்தி வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். நான் கிற்றாரை எடுத்தால் இப்போது அக்கா வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இதெல்லாம் ஒன்றோடொன்று தொடுப்புள்ளது என்று தெரிந்தது, எதனால் என்று தெரியவில்லை.

குழி வெட்டி எட்டாம் நாள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சீருடை இல்லை, ஆனால் அரசாங்கத்து ஆட்கள் என்று நடையிலேயே தெரிந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் பின்வளவுக்குப் போனார்கள். அவர்கள் பேசியது நல்ல தமிழ், ஆனால் இந்த ஊர்த் தமிழ் அல்ல.

“இது எதுக்கு மிஸ்? யுத்தத்துல புதைச்ச தங்கம் தேடுறீங்களா?”

“இல்லை, பாட்டுப் பயிற்சிக்கு.”

“பாட்டு ஏன் மண்ணுக்குக் கீழே?”

டில்ஃப்லுக்ட்ஸ்ரும் பற்றி விளக்கினேன். வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. மூத்தவர் குழியைப் படம் எடுத்தார், பிறகு என்னையும் எடுத்தார். “திரும்பிப் போக டிக்கெட் இருக்கா?” என்று கேட்டார். ஒரு வருடத்துக்குப் போட்டிருக்கிறது என்றேன். “நல்லது. இதை மூடிட்டா இன்னும் நல்லது” என்று புன்னகைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் புன்னகைக்கு நான் பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடவுச்சீட்டு அலுமாரியில் இருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

ரவி அதற்கடுத்த நாள் காலை வந்தார். ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போல. முகம் இறுகியிருந்தது. பின்வளவு மூலையில் நின்றவர், குழிப் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

“அக்கா, இது என்னா வேலை?”

“எங்கட பயிற்சி அறை” என்றேன், இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்த குரலில்.

“பெக்கோக்காரரு எத்தினை பேருக்குன்னு கேட்டாரா?”

“ஓம், கேட்டவர்.”

“அப்பவுமா வெளங்கல? அக்கா, இது பங்கர். இங்க எல்லாரும் இப்பிடித்தான் வெட்டினோம். இதே ஆழம், இதே வளைவு. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க வெட்டினா, அவங்களுக்கு முன்னமே ஏதோ தெரிஞ்சிருக்குன்னுதான் சனம் நெனைக்கும். இப்ப இந்த ஒழுங்கையில எட்டு வீட்டுல குழி.”

சறோ அக்கா ஏன் வானத்தைப் பார்க்கிறார் என்று மெல்லக் கேட்டேன்.

“விமானம் தூரத்துல வர்றப்ப உங்க கிற்றார் மாதிரித்தான் இருக்கும். காதுக்கு முன்னாடி நெஞ்சுக்குத் தெரியும்.” குழியைக் கையால் காட்டினார். “எங்கம்மா ஒடம்ப இப்பிடி ஒண்ணுக்குள்ளதான் விட்டுட்டு ஓடினோம். மூடக்கூட நேரமில்ல. நான் ட்றம் அடிக்கிறேன் அக்கா, எங்க வேணுமின்னாலும் அடிக்கிறேன். இதுக்குள்ள எறங்க மாட்டேன்.”

பைத்தியக்காரி நான், விசரி. போர் வராத நாட்டில் போருக்காகக் கட்டிய அறையில் பாட்டுப் படித்துவிட்டு, போர் தின்ற ஊரில் பாட்டுக்கென்று பதுங்குகுழி வெட்டியிருக்கிறேன். அழுகை வந்தது. அழுதால் ரவி எனக்கு ஆறுதல் சொல்லவேண்டி வரும், அது அநியாயம் என்று அடக்கிக்கொண்டேன்.

நேரே சறோ அக்காவின் குசினி வாசலில் போய் நின்றேன். சண்டை ஒன்றும் வரவில்லை, எனக்கு ஒரு செய்தியும் தெரியாது, அது பாட்டுப் படிக்க வெட்டினது, நோர்வேயில் இப்படித்தான், என்னை மன்னியுங்கோ, நிலாவைக் கூப்பிடுங்கோ என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“பாட்டுக்கோ?” என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “சரி, உங்கடையை மூடிப்போடுங்கோ. அவங்கள் சொல்லிப்போட்டுப் போனால் மூடத்தானே வேணும்.”

“நீங்களும் மூடுங்கோ அக்கா. ரவியோட வந்து நானே மூடித்தாறன்.”

“இருக்கட்டும். வெட்டினது வெட்டினதுதானே.”

“ஒண்டும் வராது அக்கா.”

“முந்தியும் அப்பிடித்தான் சொன்னவை” என்று கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். “வாங்கோ.”

மாட்டுக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனார். வைக்கோலை ஒதுக்கி, கீழே கிடந்த தகரத்தை இழுத்தார். என்னுடையதைவிடச் சிறிய, நேர்த்தியான குழி. அதே முழங்கை வளைவு. சுவரோரம் மண்ணிலேயே இருக்கைகள் செதுக்கியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், நாலு. அக்கா, தில்லை அண்ணை, நிலா.

“நாலாவது ஆருக்கு?”

“உங்களுக்குத்தான். நீங்கள் தனியத்தானே இருக்கிறியள்? அந்த நேரம் எங்கை ஓடுவியள்?”

அந்த நேரம் நான் எங்கே ஓடுவேன் என்று எனக்குத் தெரியும். தூதரகம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பும், ஒரு வாகனம் வரும், நோர்வேயின் சிவப்புக் கடவுச்சீட்டைக் காட்டி ஏறிவிடுவேன். அதைத்தான் முந்தின நாள் அலுமாரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தகரத்தைத் திரும்ப இழுத்து மூட அக்காவுக்குக் கை கொடுத்தேன்.

என் குழியை ரவி வெளியே நின்று மண் தள்ளித்தர, நான் உள்ளே நின்று மிதித்து மூடினேன். ஒழுங்கையில் எட்டுக் குழிகளில் மூடப்பட்டது அது ஒன்றுதான். நிலா இன்னும் வவுனியாவில்தான் இருக்கிறாள். நாங்கள் முன் விறாந்தையில் வாசிக்கிறோம். கிற்றார்காரர் இன்னும் கிடைக்கவில்லை. தடித்த தந்தியைத் தட்டுமுன் வேலிக்கு மேலாக அக்காவுக்குக் கை காட்டுகிறேன், அவர் தலையாட்டுகிறார். ஆனாலும் சத்தம் எழுந்ததும் வானத்தைப் பார்க்கிறார். இப்போது நானும் பார்க்கிறேன்.

நேற்று அம்மா தொலைபேசியில், டிக்கெட் திகதி நெருங்குகிறது, என்ன முடிவு என்று கேட்டார். ஒஸ்லோக் கட்டடத்துக்கு அடியில், பலகையில் எழுதிய எண்ணிக்கைக்குள் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. நான் யார் என்று தெரியாமலே ஒதுக்கிய இடம். பிறகு சொல்கிறேன் அம்மா என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பனி நாட்டுப் பாலைக் குடித்து வளர்ந்த நான் இந்த ஒழுங்கையிலேயே உயரமான பெண். அன்றைக்குக் கொட்டிலுக்குள் குனிந்து பார்த்தபோது, நாலாவது இருக்கைக்கு முன்னால் மட்டும் நிலத்தை ஒரு சாண் கூடுதலாகத் தோண்டியிருந்தார்கள். அக்கா வேலிக்கு மேலால் பார்த்தே என் அளவை எடுத்திருக்கிறார். அங்கே நின்றால் என் தலை மறையும்.